உண்ணிச்செடி ஹைபிரிட் என்றால் எப்படி முளைக்கிறது?

ஜனவரி 11, வாசகர் கேள்வி

ஹைபிரிட் தக்காளியின் விதையை எடுத்து மறுபடி போட்டால் சரியாக வராது. கோவேறு கழுதை குட்டி போடாது. உண்ணிச்செடியும் (லாண்டானா) ஹைபிரிட்தான் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் மலை முழுக்க அது எப்படிப் பரவியது? யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 11, இரவு 10.40

தப்பாக எழுதவில்லை. தக்காளியையும் கழுதையையும் ஒரே கட்டுத்தறியில் கட்டியதுதான் தப்பு.

தக்காளி ஹைபிரிட் என்பது ஒரே இனத்தின் இரண்டு ரகங்களைச் சேர்ப்பது. அதன் விதை நன்றாகவே முளைக்கும், பிள்ளைகள்தான் ஆளுக்கொரு சாயலில் இருக்கும். கோவேறு கழுதை இரண்டு வேறு இனங்களின் கலப்பு. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, குட்டிக்கு 63. ஜோடி சேராததால் வம்சம் அதோடு முடிந்தது. உண்ணிச்செடி மூன்றாவது ரகம். பல இனங்களைக் கலந்து செய்த ஒன்று, அப்புறம் யார் தயவும் இல்லாமல் தன் காலில் நின்றுவிட்டது. மீதி நாளைக்கு, கரண்ட் போய்ப் போய் வருகிறது.

ஜனவரி 12

எங்கள் அப்பாருக்கு இந்தச் செடியின் மேல் இரண்டு அபிப்பிராயம் உண்டு. வேலிக்கு இதைவிட நல்ல செடி கிடையாது, ஆட்டுக்கு இதைவிடக் கெட்ட செடி கிடையாது. இரண்டும் சரி. ஒரு வறட்சி வருஷம் பட்டியில் இருந்த வெள்ளாடு ஒன்று வேறு பச்சை கிடைக்காமல் இதை மேய்ந்துவிட்டது. நாலாம் நாள் கண் மஞ்சளித்து, வெயிலுக்கு வர மாட்டாமல் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றது. காது ஓரத்தில் தோல் உரிந்தது, பிறகு செத்துப்போனது. இலையில் இருக்கும் லாண்டடீன் என்ற பொருள் ஈரலைக் கெடுக்கும், ஈரல் கெட்டால் உடம்பில் சேரும் கழிவு வெயில் பட்டதும் தோலைச் சுடும் என்று இப்போது தெரியும். அப்போது கண் பட்டுவிட்டது என்று சூடம் சுற்றினோம்.

கேள்விக்கு வருகிறேன். லாண்டானா என்ற பேரினத்தில் புதரும் உண்டு, தரையோடு கிடக்கும் பூண்டும் உண்டு. பெரும்பாலானவற்றுக்குச் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமான பகுதி. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் டச்சுக்காரர்கள் அங்கிருந்து கொண்டுபோய்க் கண்ணாடி வீட்டில் வளர்த்தார்கள். லின்னேயஸ் 1753-இல் லாண்டானா கமாரா என்று பெயர் வைத்தார். அப்புறம் ஐரோப்பாவின் தோட்டக்காரர்கள் வருஷக்கணக்காக விளையாடினார்கள். கிடைத்த இனத்தையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து, நல்ல நிறமாக வந்ததைப் பெயர் போட்டு விற்றார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட ரகங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தத் தொட்டிச் செடிதான் கப்பலேறி 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கும், 1826-இல் இலங்கைக்கும் வந்தது. அங்கே நாயுண்ணி என்பார்கள். நம் மலையில் இருக்கும் ஒவ்வொரு செடியும் அந்தக் கல்கத்தாச் செடியின் பேரன்தான்.

அதாவது, சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலையில் நிற்கும் இந்தச் செடிக்கு இதே உருவில் ஒரு காட்டுச் சொந்த ஊர் எங்குமே கிடையாது. மெக்சிகோவிலும் பிரேசிலிலும் இதன் பங்காளிகள் இருக்கிறார்கள். இது இருக்காது.

ஜனவரி 13

ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்பும் இருப்பதே கலப்புக்கு அத்தாட்சி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. அது பூவின் வயசு. விரிந்த அன்று மஞ்சள், மறுநாள் ஆரஞ்சு, அப்புறம் சிவப்போ ரோஸோ. உள்ளே இருப்பது இன்றைய பூ, ஓரத்தில் இருப்பது நேற்றையதும் முந்தாநாளதும். பிரேசிலில் இருந்த இயற்கை ஆய்வாளர் ஃபிரிட்ஸ் முல்லர் 1877-லேயே இதைக் கவனித்து நேச்சர் இதழுக்கு எழுதினார், பட்டாம்பூச்சிகள் மஞ்சளைத்தான் தேடிப் போகின்றன என்று. தேன் இருப்பதும் அதில்தான். பழைய பூ உதிராமல் நிற்பது, தூரத்திலிருந்து கொத்து பெரிதாகத் தெரிய. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்தவர்களும் பந்தலில் உட்கார்ந்திருந்தால் கூட்டம் நிறைந்து தெரியும் அல்லவா, அந்த மாதிரி.

சின்ன வயதில் நாங்கள் உறிஞ்சியதும் மஞ்சளைத்தான். யாரும் சொல்லித் தரவில்லை.

ஜனவரி 13, கொஞ்சம் கழித்து

ஒரு எச்சரிக்கை. எல்லா ரகமும் நிறம் மாறாது. வெள்ளையாகவே நிற்பது, மஞ்சளாகவே நிற்பது எல்லாம் உண்டு. நர்சரியில் படர்கொடி மாதிரி விற்கும் ஊதா நிறச் செடி இந்தக் கூட்டமே இல்லை. அது மாண்டிவிடென்சிஸ் என்ற வேறு இனம், இதே பேரினத்தில் வேறு பிரிவு.

ஜனவரி 16

“சரி, பல இனம் கலந்தது என்றால் கோவேறு கழுதைக் கதைதானே நடந்திருக்க வேண்டும்?” என்று கேட்ட நண்பர் விடவில்லை. நியாயமான பிடி.

இதற்கு வாழையில் போனால் சுலபம். நாம் தின்னும் வாழை ரகங்களில் பல, முசா அக்குமினாட்டா, முசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு இனங்களின் கலப்பு. முதலாவதை ஏ என்றும் இரண்டாவதை பி என்றும் குறித்தால் பூவனும் நேந்திரனும் ஏஏபி, மொந்தன் ஏபிபி. மூன்று தொகுதி குரோமோசோம். மூன்றை இரண்டாகப் பிரிக்க முடியாது, அதனால் விதை கட்டாது, கன்று வைத்துத்தான் பெருக்க வேண்டும். இங்கே கோவேறு கழுதைக் கதைதான். விதையில்லாமலே சதை பிடிக்கும் குணமும் வாழைக்குத் தனியாக இருக்கிறது, அது நம் அதிர்ஷ்டம்.

இதே நேரத்தில் கலப்பின் குரோமோசோம் மொத்தமும் இரண்டு மடங்கானால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்துவிடும். கலப்பு, மலட்டுத்தனத்திலிருந்து தப்பிக்கும் பழைய வழி இதுதான். லாண்டானா கமாராக் கூட்டத்தில் அடிப்படை எண் 11, அதாவது ஒரு தொகுதிக்கு 11 குரோமோசோம். 22 உள்ள செடி இருக்கிறது, 33, 44, 55, 66 என்று எல்லாமே கிடைத்திருக்கின்றன. உலகெங்கும் களையாகத் திரிவதில் 44 உள்ளதுதான் அதிகம். நான்கு தொகுதி, ஜோடிக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று, இந்தச் செடிக்குச் சில சமயம் குரோமோசோம் பாதியாகக் குறையாத கருமுட்டை உருவாகிறது. வழக்கமாக 22 போக வேண்டிய இடத்தில் 44 அப்படியே போகும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 2009-இல் இதைக் காட்டினார்கள். அதனால் இந்தக் கூட்டத்தில் எண் ஏறுவது அபூர்வ சம்பவம் இல்லை.

ஜனவரி 19

நேற்று திம்பம் மேலே போனோம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, பையன் ஒவ்வொரு வளைவிலும் நிறம் சொல்லிக்கொண்டு வந்தான். மஞ்சள்-ரோஸ்தான் கட்டுக்கடங்காமல் இருந்தது. ஆரஞ்சு-சிவப்பு அங்கங்கே. வெளிர் ரோஸ் ஒரு இடத்தில் திட்டாக. ஆசனூர் பக்கம் ஒரு வேலியில் கிட்டத்தட்ட வெள்ளை.

என் கருத்து: இவை காட்டிலேயே ஒன்றோடொன்று கலந்துகொண்டிருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, பட்டாம்பூச்சியும் தேனீயும் ஓயாமல் அலைகின்றன, வேறு என்ன நடக்கும்? அடுத்த பத்து வருஷத்தில் நாம் பார்க்காத நிறமெல்லாம் வரும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 20

எழுதி வைத்துக்கொண்டதாக மூன்று பேர் சொல்கிறார்கள். ஒருவர் தேதியோடு. நல்லது.

பிப்ரவரி 2

எழுதி வைத்தவர்கள் அழித்துவிடுங்கள்.

பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் (என்.சி.பி.எஸ்.) ஆராய்ச்சியாளர்கள் நாட்டின் பல காடுகளிலிருந்து உண்ணிச்செடியை எடுத்து மரபணுவைப் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இதைப் படி என்று அனுப்பினார், ஒரு வாரம் முக்கி முக்கிப் படித்தேன். நான் எதிர்பார்த்தது, சத்தியமங்கலத்துச் செடிகள் ஒரு குடும்பம், மத்தியப் பிரதேசத்துச் செடிகள் ஒரு குடும்பம் என்று ஊர்வாரியாகப் பிரியும், நிறங்கள் உள்ளுக்குள் கலந்திருக்கும் என்று. வந்தது நேர் எதிர். ஊர் கணக்கே இல்லை, நிறம்தான் கணக்கு. ஒரே இடத்தில் தோளோடு தோள் நிற்கும் இரண்டு நிறச் செடிகளைவிட, பல நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு ஒரே நிறச் செடிகள் நெருங்கிய சொந்தம். காரணம், இவை பெரும்பாலும் தன் மகரந்தத்தில் தானே காய்க்கின்றன.

அதாவது கலந்து பிறந்த செடி, நம் ஊருக்கு வந்த பிறகு கலப்பை விட்டுவிட்டது. கலப்புத் திருமணம் செய்துகொண்டு ஊரைவிட்டுப் போனவர்கள், போன ஊரில் தங்களுக்கென்று ஒரு சாதிச் சங்கம் ஆரம்பித்த கதை.

ஜனவரி 12-இல் எழுதிய கல்கத்தாப் பேரன் வசனமும் தப்பு. ஒரே செடியிலிருந்து எல்லாம் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஊர்களுக்கு வெவ்வேறு ரகம் கொண்டுவந்திருக்கிறார்கள். நிறவாரிக் குடும்பங்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்பதும் இதோடு பொருந்துகிறது. வாயை விட்டதற்கு வருந்துகிறேன், அழிக்க மாட்டேன், மேலேயே கிடக்கட்டும்.

பிப்ரவரி 3

ராத்திரி படுத்த பிறகு ஞாபகம் வந்தது. எட்டு வருஷம் முன்னால் நானே இதைச் செய்து பார்த்திருக்கிறேன், முடிவைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

வீட்டு வேலியில் மஞ்சள்-ரோஸ், மொட்டைமாடித் தொட்டியில் ஆரஞ்சு-சிவப்பு. ஊசி முனையால் ஆரஞ்சின் மகரந்தத்தை எடுத்து ரோஸின் குழலுக்குள் விட்டேன். பூ ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், நாலு மகரந்தத் தாளும் குழலுக்குள் ஒளிந்திருக்கும், கண்ணாடி போட்டும் நீர் வழிந்தது. காய் வந்தது, கறுத்தது, விதை போட்டேன். பழத்துக்குள் ஒரே கொட்டை. இருபது கொட்டையில் முளைத்தது மூன்று. மூன்றும் அம்மா மாதிரியே ரோஸ். “அம்மா நிறம் ஓங்குகிறது” என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. மொட்டிலேயே மகரந்தத் தாளைக் கிள்ளி எறியவில்லை, பை கட்டவும் இல்லை. பூ தனக்குத்தானே கருவுற்ற பிறகு நான் போய் ஊசி குத்தியிருக்கிறேன்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. கோஷூ, மகால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1967-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் இந்தச் செடி கருவுறாமலும் விதை கட்டும் என்று எழுதினார்கள். அப்படி வரும் விதை அம்மாவின் அச்சுப் பிரதி. என் மூன்று நாற்றும் தன்மகரந்தமா, அச்சுப் பிரதியா என்று அந்த நோட்டை வைத்துச் சொல்ல வழியில்லை. மூன்றே மூன்று நாற்று வேறு.

பிப்ரவரி 9

“அப்படியானால் கலப்பு என்பதே பழங்கதை, இனி ஆபத்தில்லை” என்று ஒருவர் முடிவு கட்டியிருக்கிறார். மெதுவாக. நம் ஊரில் உண்ணிச்செடி கலக்க வேண்டிய அவசியம் இல்லாமல் இருக்கலாம். ஃபுளோரிடாவில் நடப்பது வேறு.

அங்கே லாண்டானா டிப்ரெஸ்ஸா என்று சொந்த மண்ணின் செடி ஒன்று இருக்கிறது. ஃபுளோரிடா தவிர உலகில் வேறெங்கும் இல்லை. குட்டையாகத் தரையோடு ஒட்டி வளரும், மஞ்சள் பூ. மயாமி பக்கம் சுண்ணாம்புப் பாறை மேல் பைன் மரம் நிற்கும் காட்டில் ஒரு வகை, இரு கடலோரங்களிலும் இன்னும் இரண்டு வகை. வீட்டுத் தோட்டத்திலிருந்து தப்பிய நம் ஆள் இதற்குப் பக்கத்தில் போய் முளைத்து, மகரந்தத்தைக் கொடுத்துக் கொடுத்து, அசல் எது கலப்பு எது என்று பிரிக்க முடியாமல் செய்துவிட்டது. வெட்டி அழிப்பது மாதிரி இல்லை, சத்தமே இல்லாமல் ஒரு இனம் கரைவது இது. நாட்டு நாய் இனங்கள் எப்படிப் போயின என்று யோசித்தால் விளங்கும்.

ராஜர் சாண்டர்ஸ் என்ற தாவரவியலாளர் இந்த முடிச்சைப் பல வருஷம் அவிழ்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பிறந்து களையான இந்தக் கலப்பை அசல் லாண்டானா கமாராவோடு போட்டுக் குழப்பாதீர்கள், தனிப் பெயர் வேண்டும் என்று சொல்லி 2006-இல் லாண்டானா ஸ்ட்ரிகோகமாரா என்று பெயர் வைத்தார். எல்லோரும் ஏற்கவில்லை. பாதிப் பேர் இன்னும் கமாரா என்றே எழுதி, பக்கத்தில் “விரிந்த பொருளில்” என்று போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். நமக்கு உண்ணிச்செடி என்ற ஒரே பெயர் போதும். பெயர் ஏன் வந்தது என்று கேட்டவருக்கு, காய்க் கொத்தைப் பார்த்தால் மாட்டுக் காதில் உண்ணி ஒட்டியிருப்பது போலவே இருக்கும், இது என் ஊகம்தான்.

பிப்ரவரி 10

பெயர் சண்டையெல்லாம் பேராசிரியர்கள் வேலை, காட்டுக்கு என்ன வந்தது என்கிறார் ஒருவர். நிறைய வந்தது. பூச்சியை விட்டுக் களையை ஒழிக்கும் வேலையைப் பாருங்கள். உலகத்தில் களைக்கு எதிராகத் திட்டமிட்டுப் பூச்சி தேடிப் போன முதல் பெரிய முயற்சியே இந்தச் செடிக்காகத்தான். 1902-இல் ஆல்பர்ட் கோபிலே என்ற பூச்சியியலாளர் மெக்சிகோவில் தேடி 23 வகைப் பூச்சிகளை ஹவாய்க்கு அனுப்பினார். அதற்குப் பிறகு பல நாடுகளில் எத்தனையோ விட்டுப் பார்த்தாகிவிட்டது. அங்கங்கே இலை கருகியது, செடி போகவில்லை.

ஏன்? பூச்சி அங்கே தின்று பழகியது ஒரு காட்டு இனத்தை. நாம் அதற்கு இங்கே பரிமாறுவது நாலைந்து வீட்டுச் சமையலைக் கலந்த தட்டு. சில நிறத்தைத் தின்னும், சிலவற்றைத் தொடாது. ஆஸ்திரேலியாவில் பூச்சிக்கு ஏற்ப ரகம் பார்க்க வேண்டும் என்று இந்தத் தலைவலியையே ஆய்வாக்கியிருக்கிறார்கள். சொந்த ஊர் இல்லாத செடிக்கு ஜென்மப் பகை எங்கே தேடுவது? தட்பவெப்பமும் காரணம்தான், கலப்பு மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு மறுபடி வருந்த வேண்டாம்.

நம் நாட்டுக் கதை வேறு மாதிரி. 1941-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டெலியோனீமியா என்ற மூட்டைப்பூச்சி சாதிப் பூச்சியை டேராடூனுக்குக் கொண்டுவந்தார்கள். சோதனையில் அது தேக்குப் பூவையும் சாப்பிட்டது. தேக்கு என்றால் வனத்துறைக்குக் கண்ணின் மணி, எல்லாவற்றையும் அழித்துவிடு என்று உத்தரவு. அழித்தார்கள், கொஞ்சம் தப்பியது. இப்போது காட்டில் பல இடங்களில் இருக்கிறது. தேக்கும் இருக்கிறது, உண்ணிச்செடியும் இருக்கிறது.

பிப்ரவரி 15

கணக்கு கேட்டவருக்கு: 2020-இல் வந்த ஆய்வு ஒன்று, இந்தியாவின் புலிக் காடுகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல், சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில் இது புகுந்திருக்கிறது என்கிறது. தமிழ்நாட்டின் பரப்பைவிட அதிகம்.

கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் இந்தக் குச்சியை வேகவைத்து வளைத்து ஆளுயர யானைகள் செய்கிறார்கள், அசல் யானை அளவிலும் செய்கிறார்கள். லண்டன் பூங்காவில் நின்றன, 2024-இல் அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டன. ஐரோப்பாத் தொட்டியில் பிறந்த செடி யானையாக லண்டனுக்குத் திரும்பியிருக்கிறது. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, பிடித்திருந்தது, சொன்னேன்.

மார்ச் 1

கொஞ்சம் புலம்பல். போன வருஷம் ஒரு நர்சரியில் “இது விதை வைக்காத ஹைபிரிட் சார், பயமில்லாமல் வாங்குங்க” என்று குட்டையான மஞ்சள் ஒன்றைத் தலையில் கட்டினார்கள். சாதாரணத்தைப் போல மூன்று மடங்கு விலை. நேற்றுப் பார்த்தால் கொத்தில் பச்சைக் காய்.

அவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று சொல்லவில்லை. 33 குரோமோசோம் செடியாக இருக்கலாம். வாழை நியாயப்படி அது மலடாக இருக்க வேண்டும். ஆனால் ஜனவரி 16-இல் நான் வாழையை உதாரணம் காட்டி ஊதியது இங்கே பாதிதான் செல்லும். இந்தக் கூட்டத்தில் 33 உள்ள செடிகளிலும் சில காய்க்கும், கருவுறாமல் விதை கட்டும் வழியும் அதற்குத் திறந்திருக்கிறது. காய்க்கவில்லை என்றாலும் மகரந்தம் உயிரோடு இருந்தால் பக்கத்து வீட்டுச் செடிக்குப் போகும். அதனால்தான் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் புளூமிஃபை என்ற பெயரில் மலட்டு ரகங்களை வெளியிட்டபோது, காய் வைக்கிறதா என்பதோடு நிற்காமல் மகரந்தத்தையும் சோதித்தார்கள். டிப்ரெஸ்ஸாவைக் காப்பாற்ற அது வேண்டும். நம் நர்சரியில் “ஹைபிரிட்” என்ற ஒரு வார்த்தைதான் சோதனை.

மார்ச் 1, இரவு

அந்தச் செடியைப் பிடுங்கச் சொல்லி ஐந்து பேர். பிடுங்குவேன். அதற்கு முன் ஒரு வேலை: மொட்டாக இருக்கும் ஏழு கொத்துக்கு அம்மாவின் பழைய வாயில் துணிப் புடவையில் பை தைத்துக் கட்டியிருக்கிறேன், பூச்சி நுழையாது. வேலியில் இருக்கும் மஞ்சள்-ரோஸிலும் ஏழு. இந்த முறை ஊசி கிடையாது, கை வைக்க மாட்டேன்.

மார்ச் 29

வேலிச் செடி: ஏழு பையில் ஆறில் காய். பூச்சி எதுவும் தொடாமலே. என்.சி.பி.எஸ். சொன்னது என் வேலிக்குப் பொருந்துகிறது. தானே கருவுற்றதா, கருவுறாமலா என்பது இன்னும் தெரியாது, அதற்குப் பையும் புடவையும் போதாது.

நர்சரிச் செடி: ஏழில் ஒன்றில் மட்டும், அதுவும் இரண்டே காய். பை கட்டாத கொத்துகளில் அங்கங்கே ஐந்தாறு. முழு மலடும் இல்லை, முழு வளமும் இல்லை.

பழுக்கும் முன்பே எல்லாவற்றையும் கிள்ளிவிட்டேன், குருவி கொத்திக்கொண்டு போனால் பாவம் நம் தலையில். பையில் வந்த அந்த இரண்டை மட்டும் பழுக்க விட்டுத் தனித் தொட்டியில் போடப்போகிறேன். முளைத்தால் பூ நிறத்தை இங்கே எழுதுகிறேன். செடியை இன்னும் பிடுங்கவில்லை, மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மே 17

ஒன்று முளைத்திருக்கிறது.